எழுவாய்

தேவகோட்டை கோர்ட்டில் நான் அமீனா.
ஒரே பஸ்ஸை மூன்று முறை ஜப்தி செய்தவன்.

முதல் முறை,
காரைக்குடிக்கு அது கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது.
எல்லோரையும் இறங்கச் சொன்னேன்.
ஹால் டிக்கெட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்
ஒரு கல்லூரிப் பெண்.
டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒன்றும் சொல்லாமல்
நிழலைத் தேடினார்.
கோந்து டப்பா கையோடு கொண்டுபோயிருந்தேன்.
முன்கண்ணாடியில், டிரைவர் கட்டிய எலுமிச்சம்பழத்துக்கு
ஒரு சாண் மேலே
உத்தரவை ஒட்டினேன்.

கடைசியாக இறங்கியவள் பூமயில்.
வழக்குப் போட்டவளே அவள்தான்.
அமராவதிபுதூருக்கு டிக்கெட் எடுத்து
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.
'சில்லறை திருப்பித் தருவாங்களா?'

அமராவதிபுதூர் விலக்கில்
கோழிப்பண்ணை ராத்திரி வேலை முடிந்து
சைக்கிளில் வந்த வெள்ளைக்கண்ணு
வீடு சேரவில்லை.
ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்,
ஏழரை சதவீத வட்டி,
தொண்ணூறு நாளில் கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.
அந்தத் தொண்ணூறு நாளுக்கு
இப்போது ஐந்து வயது.

பஸ்ஸை ஒட்டி நிறுத்தும் ஒவ்வொரு மாலையும்
டெப்போவிலிருந்து ஒரு கடிதம் வரும்,
பஸ் போய்விடும்.
'ஆவன செய்யப்பட்டு வருகிறது.'
'மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.'
'பரிசீலனையில் உள்ளது.'
இலக்கணத்தில் முப்பத்தாறு மார்க் வாங்கியவன் நான்.
எனக்கே தெரிந்தது:
மூன்று கடிதம், மூன்று பயனிலை,
எழுவாய் ஒன்றுகூட இல்லை.
செய்யப்படுகிறது, யாரால்?
அனுப்பியது எந்தக் கை?

வட்டி தெரியாத சீமையா இது?
கடல் தாண்டிக் கடை வைத்தவர்கள்
ஒரு நாள் தவணை தப்பினாலும்
இன்னார் பற்று என்று பேரேட்டில் பெயர் ஏற்றினார்கள்.
அவர்கள் கட்டிய வீடுகளின் நீளத்தை நடந்துதான்
தினமும் கோர்ட்டுக்குப் போகிறேன்.
சர்க்கார் மட்டும்
பெயரே இல்லாமல் கடன்படுகிறது,
நாளொன்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்.

நான்காம் முறை நீதிபதி கடிதத்தைப் படித்தார்.
'இதை எழுதினது யார்?'
மின்விசிறி மட்டும் பேசியது.
'பஸ் வேண்டாம்,' என்றார்.
'வெயிலில் நிற்பது கடன்பட்டவர் இல்லையே.'

ஆகவே போனவாரம் கிளை அலுவலகம்.
மேலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
'இது யாரு நாற்காலி, சார்?'
'கவர்மெண்டோடது.'
'உக்காந்திருக்கிறது?'
டம்ளர் மேஜைக்குப் போக
கொஞ்ச நேரம் எடுத்தது.
'எந்திரிங்க சார்.'
எழுந்தார்.

அப்போதுதான் கணக்குப் பிரிவு மூலையில்
ஒரு பெண் பேனாவைத் திறந்தாள்.
அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.
'கி. தமயந்தி ஆகிய நான்
வரும் செவ்வாய் பதினோரு மணிக்குள்
இந்தத் தொகையைச் செலுத்துவேன்.'
அதன் கீழே
மேலாளரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
மெதுவாகப் போட்டார்.
நாற்காலியை இருந்த இடத்திலேயே விட்டுவந்தேன்.

செவ்வாய், பதினொன்று. வரவில்லை.
பன்னிரண்டே காலுக்கு
வியர்த்து வழிய, வரைவோலையோடு வந்தாள்.
பூமயில் விரல்விட்டு எண்ணினாள்.
பதினோரு நாள் வட்டி குறைந்தது.
இரண்டாயிரத்துச் சொச்சம்.
தமயந்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'நான்தான் தப்பாப் போட்டேன்,' என்றாள்.

ஐந்து வருஷத்தில்
அந்தக் கட்டிடத்திலிருந்து வந்த
முதல் முழு வாக்கியம்.

'சரி, அதையும் எழுதிக் குடுங்க,
தேதி போட்டு,' என்றாள் பூமயில்.
வாங்கி மடித்து வைத்துக்கொண்டு
இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த பஸ்தான்.
முன்கண்ணாடியில் என் கோந்து
இன்னும் சதுரமாக இருக்கிறது.
சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள்,
போகவில்லை.